பள்ளிக்கூடம் போன அம்மி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் ஜனவரி முதல் தேதி நான் ஒரு மகத்தான தீர்மானம் செய்தேன். அன்றைக்குச் சிலர் பொடியை விடுவார்கள். சிலர் சீட்டாட்டத்தை விடுவார்கள். நான் எதையும் விடுவதில்லை என்று தீர்மானித்தேன். முக்கியமாக, என் மனைவி பிலோமினாளைப் பள்ளிக்கூடத்துக்குள் விடுவதில்லை.

காரணம் சொல்கிறேன். நமக்குள் இருக்கட்டும்.

என் பெயர் அடைக்கலம். ஜவ்வாது மலையில், புதூர்நாட்டைத் தாண்டி ஒரு சிற்றூரில், மிஷன் பள்ளிக்கூடத்துக்கு நான் ஒருவனே வாத்தியார். தலைமை ஆசிரியரும் நான்தான். உதவி ஆசிரியரும் நான்தான். மணி அடிக்கிறவனும் நான்தான். ஐந்து வகுப்பு, நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். சாமை அறுவடை வந்தால் பதினெட்டு. பலா பழுத்தால் எட்டு. அந்த எட்டுக்கும் வாயில் பலாச்சுளை இருப்பதால் பதில் வராது. ஆனாலும் அது ஒரு ராஜாங்கம். எனக்கு மேலே கடவுளும் கூரையும் மட்டும்தான். கூரையிலும் பாதி இல்லை.

இந்த ராஜாங்கத்துக்கு ஒரே ஆபத்து என் வீட்டுக்குள் இருந்தது. நான் தேறியது லோயர் கிரேடு பயிற்சி. அதையும் மூன்றாம் தடவைதான் தேறினேன். பிலோமினாளோ கன்னியர் மடத்தில் படித்து, ஹையர் கிரேடு பயிற்சியை முதல் தடவையே தேறியவள். கல்யாணத் தரகர் இதை என்னிடம் கடைசியாகத்தான் சொன்னார், பெண்ணுக்குத் தெத்துப்பல் என்று சொல்கிற மாதிரி. ஒரே பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர் இருந்தால் எங்கள் மிஷனில் பெரிய சர்ட்டிபிகேட்டுக்குத்தான் பெரிய நாற்காலி. இப்போது புரிகிறதா என் தீர்மானம்?

அடிவாரத்தில் இருக்கும் மானேஜர் சாமியார் நவம்பரிலேயே கடிதம் எழுதியிருந்தார். "பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். இன்னோர் ஆசிரியர் வைக்க உத்தரவாகியிருக்கிறது. அங்கே தகுதியுள்ளவர் யாரேனும் உண்டா?"

நான் பதில் எழுதினேன். "மலை முழுவதும் தேடினேன். கரடி உண்டு. தகுதியுள்ளவர் எவருமில்லை."

அன்று மாலை பிலோமினாள் கேட்டாள்.

"சாமியார் இன்னா எழுதியிருக்காரு?"

"என் ஒடம்பு எப்படி இருக்குதுன்னு கேட்டிருக்காரு."

"அதுக்கா மூணு பக்கம் பதில் எழுதினீங்க?"

"என் ஒடம்பு பெரிசு இல்ல?"

அவள் சண்டை போடவில்லை. அழவில்லை. முறத்தை எடுத்துச் சாமை புடைக்கப் போய்விட்டாள். நான் அதை வெற்றி என்று நினைத்துக்கொண்டேன். அனுபவமுள்ள புருஷர்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி முதல் வாரம் டிபுடி இன்ஸ்பெக்டர் பஞ்சாட்சரம் அவர்களிடமிருந்து தபால் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மலையேறி வருகிறாராம். ஐந்தாம் வகுப்பு விஞ்ஞானப் பாடம் கேட்பாராம். பாடம்: அன்றாடப் பொருள்கள்மீது செயல்படும் விசைகளும் அவற்றின் வகைகளும். தகுந்த கருவிகளுடன் நடத்த வேண்டுமாம். அதோடு எனக்குக் கண் இருட்டிவிட்டது. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. அதை நான் படிக்கவில்லை. பிலோமினாள் படித்தாள்.

"கருவி!" என்றேன் நான். "கருவிக்கு நான் எங்க போவேன்?"

பள்ளிக்கூடத்தில் இருந்த கருவிகள் மூன்று. வெளுத்துப்போன ஒரு கரும்பலகை. கறையான் ஆப்பிரிக்காவைத் தின்றுவிட்ட ஒரு பூகோள உருண்டை. ஒரு பிரம்பு. பிரம்பைக் கொண்டு தசை விசையை விளக்கலாம். மிச்சத்துக்கு?

புத்தகத்தைப் புரட்டினேன். தசை விசை, உராய்வு விசை, ஈர்ப்பு விசை, காந்த விசை, மின் விசை, கயிற்றில் வரும் இழுவிசை என்று ஆறு போட்டிருந்தது. எனக்கு அதுவரை தெரிந்ததெல்லாம் வசைதான். அதில் அறுபது வகை உண்டு. எல்லாம் வீட்டிலேயே கிடைக்கும். விசைக்குத்தான் வழியில்லை.

வேறு வழி இல்லாமல் பிலோமினாளிடம் போனேன். சமையலறைச் சாமானைக் கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை ஓவியப் பாடத்துக்கு ஒரு கத்தரிக்காய் எடுத்துப்போனதற்கே நான்கு நாள் ரசம் சாப்பிட்டவன் நான்.

"பிலோமி, ஒரு உபகாரம். வூட்டுச் சாமான் கொஞ்சம் வோணும். ரெண்டு நாள்ல திருப்பிக் குடுத்துடறேன்."

"எடுத்துக்கினு போங்களேன்."

எனக்குக் காது சரியில்லையோ என்று தோன்றியது.

"கெணத்துக் கயிறும் உருளையும் வோணும்."

"எடுத்துக்கோங்க. தண்ணிய முன்னாடியே ரொப்பி வெச்சுக்கிறேன்."

"ஊசி பொறுக்குற காந்தம்?"

"தையல் பொட்டியில இருக்குது."

"ஒன் ரப்பர் சீப்பு?"

"வேலூர் சீப்புங்க. பல்லு ஒடையாம பாத்துக்கோங்க."

மனசு குளிர்ந்துவிட்டது. உலகத்தில் இப்படியும் ஒரு மனைவி! "இழுத்துக் காட்டப் பாரமா ஒண்ணு வோணும். அதை விடு, வெளிய ஒரு கல்லைப் பாத்துக்கிறேன்" என்றேன்.

பிலோமினாள் மோவாயில் விரல் வைத்தாள்.

"டிபுடி இன்ஸ்பெக்டரு அவ்ளோ தூரத்துலருந்து டோலியில ஏறி வர்றாரு. அவருக்குப் போயி ரோட்டுக் கல்லையா காட்டுவீங்க? நம்ம அம்மிய எடுத்துக்கினு போங்க. சதுரமா, லட்சணமா, சாமான் மாதிரி இருக்குது. குழவியும் இருக்குது. உருட்டிக் காட்டலாம்."

"அம்மியா? நீ இன்னா பண்ணுவே?"

"எனக்கு இன்னா? உங்க பேருதான் முக்கியம்."

மலை என்றால் கல். எங்கள் ஊரில் கல் இல்லாத இடம் சோற்றுப்பானை ஒன்றுதான், அதுவும் எல்லா நாளும் இல்லை. அப்படிப்பட்ட ஊரில், இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள், நான் அம்மியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். 'உங்க பேருதான் முக்கியம்' என்று சொன்னால் ஆண்பிள்ளை அம்மியை என்ன, வீட்டையே தூக்குவான்.

தூக்கினேன் என்றால், சடையன் தூக்கினான். சடையன் எங்கள் ஊர் விவசாயி. அவன் மகள் வடிவு என்னிடம் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அம்மியைக் கழியில் கட்டி, முன்னால் அவனும் பின்னால் நானுமாகச் சுமந்தோம். பாதி வழியில் என்னை விலக்கிவிட்டு, என் பக்கத்தைப் பிடிக்க வழியில் போன ஒருவனைக் கூப்பிட்டுவிட்டான்.

"வாத்தியாரே, பள்ளிக்கூடத்துல இன்னா அரைக்கப்போறீங்க?"

"அறிவு" என்றேன்.

அதற்கு முந்தின எட்டு நாளும், மாலை வேளையில், சமையலறையில் ஒத்திகை. நான் வாத்தியார். பிலோமினாள் ஐந்தாம் வகுப்பு. எனக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். இடையிடையே சந்தேகமும் கேட்பாள். அவள் கேட்கிற அழகைப் பார்த்து நான் ஒருநாளைக்கு இரண்டு தடவை நடத்தினேன்.

"ஈர்ப்பு விசை! பூமி எல்லாத்தையும் தன் பக்கம் இழுக்குது. பாரமானதை ரொம்ப இழுக்குது. அதனால பாரமானது முதல்ல வந்து விழும்."

"அப்படியா? பாரமானது முதல்லயா விழும்?"

"சந்தேகமா? ஒரு செம்பும் ஒரு புளியங்கொட்டையும் மேலருந்து விட்டா எது முதல்ல விழும்?"

பிலோமினாள் எழுந்தாள். முக்காலிமேல் ஏறினாள். ஒரு கையில் செம்பு, ஒரு கையில் புளியங்கொட்டை. இரண்டையும் ஒரே சமயத்தில் விட்டாள். ஒரே சத்தம்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் விழுதுங்க."

"நம்ம வூட்டுத் தரை மேடுபள்ளம். பள்ளிக்கூடத்துல சரியா விழும்."

"சரிங்க" என்றாள்.

அந்த 'சரிங்க'வுக்கு அர்த்தம் எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

சீப்பு வேலை மட்டும் பிரமாதமாக நடந்தது. அவள் கூந்தலில் சீப்பை நாலு தேய் தேய்த்து, கிழித்துப்போட்ட காகிதத் துணுக்குகளுக்கு மேலே பிடித்தால், அவை துள்ளி எழுந்து ஒட்டிக்கொண்டன. நானே கை தட்டினேன். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று எல்லாப் பிள்ளைகளும் குளித்து, தலைக்கு நன்றாக எண்ணெய் வைத்து, வழித்து வாரி வரவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கண்டிப்பான உத்தரவு போட்டேன். ஓர் ஒழுங்கு வேண்டாமா?

வெள்ளிக்கிழமை விடிந்தது. பிலோமினாள் சீயக்காய் தேய்த்துத் தலை முழுகிவிட்டு, ஈரக் கூந்தலைத் துண்டால் தட்டித் தட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"பிலோமி, இன்னிக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்துடாதே. பெரிய அதிகாரி. கூச்சமா இருக்கும்."

"யாருக்கு?"

"ஒனக்குத்தான்."

"எனக்கு ஒரு கூச்சமும் இல்ல. நான் எதுக்கு வரப்போறேன்? வேலை இருந்தாத்தானே வர்றது" என்றாள்.

பத்தரை மணிக்கு டோலி வந்து சேர்ந்தது. கழியில் கட்டின நாற்காலிதான் டோலி. நாலு பேர் தூக்குவார்கள். அந்த நாலு பேரில் சடையனும் ஒருவன். இன்ஸ்பெக்டர் பஞ்சாட்சரம் அவர்கள் இறங்கியதும் டோலிக் கழி அப்பாடா என்று நிமிர்ந்தது. பெரிய உடம்பு. பெரிய தலைப்பாகை. தலைப்பாகையை எடுத்ததும் எங்கள் பூகோள உருண்டை இரண்டாகிவிட்டதுபோல் இருந்தது. இதில் ஆப்பிரிக்காவோடு சேர்த்து எந்தக் கண்டமும் இல்லை. சுத்தமான சமுத்திரம்.

"வாத்தியாரே, விசை விசைன்னு இன்னாமோ கேக்க வந்தாராமே?" என்று சடையன் என் காதில் சொன்னான். "எங்க தோள்பட்டையக் கேட்டா மலை அடிவாரத்துலயே சொல்லியிருக்குமே!"

பாடத்தைத் தொடங்கினேன். தசை விசை. அம்மியில் கயிற்றைக் கட்டி, இரண்டு பிள்ளைகளை இழுக்கச் சொன்னேன். அம்மி நகர்ந்தது. இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். காந்தத்தைக் காட்டினேன். ஊசி ஒட்டியது. தலையசைத்தார். உருளையில் கயிற்றைப் போட்டு வாளியை ஏற்றி, இழுவிசை என்றேன். மூன்றாம் தடவையும் தலையசைத்தார். நான் ஆகாயத்தில் மிதந்தேன். ஈர்ப்பு விசைக்கு என்மேல் அதிகாரம் இல்லாத நேரம் அது ஒன்றுதான்.

அப்போது வாசலில் நிழல் தட்டியது. பிலோமினாள்! இடுப்பில் ஒரு கூடை. கூடையில் வறுத்த கொள்ளு, மிளகாய், புளி, உப்பு.

ஓடிப்போய் வாசலை மறித்தேன்.

"இங்க எதுக்கு வந்தே?" பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன்.

"அம்மி இங்கதானே இருக்குது."

"இருந்தா?"

"அரைக்கணும்."

"இன்னிக்கு ஒரு நாள் அரைக்காட்டி இன்னா?"

"கடுதாசிய முழுசாப் படிச்சீங்களா? 'மதிய உணவு ஆசிரியர் இல்லத்தில். மாமிசம் கூடாது. கொள்ளுத் துவையல் உகந்தது'ன்னு ஐயா எழுதியிருக்காரு."

துவையல் என்ற சொல் இன்ஸ்பெக்டர் காதில் விழுந்துவிட்டது. உட்கார்ந்திருந்தவர் எழுந்தே விட்டார்.

"யாரம்மா அது?"

"வாத்தியார் வூட்டுலங்க. ஐயாவுக்குத் துவையல் அரைக்கணும். அம்மி இங்க வந்துடுச்சுங்க."

"அது கருவிங்க" என்றேன் நான்.

"பள்ளிக்கூடத்துல கருவிங்க. எங்க வூட்டுல அம்மிங்க" என்றாள் அவள்.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வயிற்றைத் தடவினார். "அதனாலென்ன? அது ஒரு மூலையில் நடக்கட்டும். இது ஒரு மூலையில் நடக்கட்டும். உள்ளே வாம்மா."

பதினொரு மணி பத்து நிமிஷத்துக்கு என் மகத்தான தீர்மானம் வாசற்படியைத் தாண்டிவிட்டது. அதுவும் வலது காலை எடுத்து வைத்து.

அவள் மூலையில் உட்கார்ந்து அரைக்க ஆரம்பித்தாள். கரக், கரக், கரக். நான் உராய்வு விசைக்கு வந்தேன்.

"பிள்ளைகளே! உராய்வு நமக்குப் பகைவன். வண்டிச் சக்கரத்தைத் தேய்க்கிறான். செருப்பைத் தேய்க்கிறான். பொருள் நகரவிடாமல் தடுக்கிறான்."

"பகைவன் மட்டும்தானா?" என்று இன்ஸ்பெக்டர் குறுக்கிட்டார். "உராய்வால் நமக்கு ஏதும் நன்மை இல்லையா?"

"இல்லீங்க! அவன் இல்லாவிட்டால் உலகம் எவ்வளவு சுகமாக இருக்கும் என்பதை இதோ காட்டுகிறேன்."

விளக்கெண்ணெய் பூசித் தயாராக வைத்திருந்த பலகைமேல் அம்மியை வைத்துத் தள்ளிக் காட்டுவதாக ஏற்பாடு. அம்மியில் இப்போது கொள்ளு இருந்தது. என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே ஒரு அடி பின்னால் வைத்தேன். பலகைமேல் வைத்தேன்.

உராய்வு இல்லாத உலகத்தை நான் பார்த்தேன். அதில் முதலில் கூரை தெரிந்தது. பிறகு என் கால் இரண்டும் தெரிந்தன. கடைசியில் பிலோமினாளின் முகம் தெரிந்தது. அம்மிப் பக்கத்தில் போய் மல்லாந்து கிடந்தேன். நாற்பத்தெட்டுப் பிள்ளைகளும் கை தட்டினார்கள். பாடத்தில் இதுவும் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள்.

அரைக்கிற கையை நிறுத்தாமலே பிலோமினாள் சொன்னாள். "உராய்வு இல்லன்னா நிக்கக்கூட முடியாதுங்க. நடக்கறதுக்கும் அதுதான் வோணும்."

"வேறு?" என்றார் இன்ஸ்பெக்டர். என்னைப் பார்த்து அல்ல.

"இந்த அம்மியவே பாருங்க. தேஞ்சு வழவழன்னு ஆயிட்டா கொள்ளு நசுங்காது, வழுக்கிக்கினு ஓடும். அதுக்குத்தானே உளி வெச்சுக் கொத்தித் தர்றாங்க? கல்லு சொரசொரப்பா இருந்தா உராய்வு கூடும். துவையலும் மசியும்."

இன்ஸ்பெக்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினார். முதுகில் எண்ணெயோடு எழுந்து நின்று, அவசர அவசரமாக ஈர்ப்பு விசைக்குத் தாவினேன்.

"பாரமான பொருள் முதலில் விழும்!"

"செய்து காட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

பெஞ்சின்மேல் ஏறினேன். செம்பையும் புளியங்கொட்டையையும் விட்டேன். ஒரே சத்தம். மறுபடி விட்டேன். மறுபடி ஒரே சத்தம். பள்ளிக்கூடத்துத் தரையும் என்னைக் கைவிட்டது. மூன்றாம் தடவை செம்பு முதலில் விழுந்தது.

"பார்த்தீர்களா!" என்றேன்.

"ஸார் கொட்டைய லேட்டா வுட்டாரு!" என்றாள் சடையன் மகள் வடிவு.

சத்தியம் பேச வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்த மடையன் நானேதான்.

"ஏன் இரண்டும் சேர்ந்து விழுகின்றன?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன். அங்கே ஓட்டைதான் இருந்தது. பதில் மூலையிலிருந்து வந்தது.

"செம்பு பாரம்ங்க. பூமி அதைக் கூடவே இழுக்குது, வாஸ்தவம். ஆனா பாரமானதை நகத்தறதும் அவ்ளோ செரமம் இல்லீங்களா? கொட்டைய லேசா இழுத்தாலே போதும், வந்துடும். இழுப்பு கூடற அளவுக்குச் செரமமும் கூடிப்போவுது. அதனால ரெண்டும் சரியாப்போயி ஒண்ணா வந்து விழுதுங்க."

கரக், கரக்.

"ஒரு பஞ்சை விட்டால்?" இன்ஸ்பெக்டர் விடவில்லை.

"அது மெதுவாத்தான் வரும். காத்து தடுக்குதுங்க. சாமை புடைக்கறப்போ பதரு பறக்குது, மணி நேரா கீழ விழுதில்ல? பதரு லேசு. காத்து தள்ளுது. முறம் புடைக்கத் தெரிஞ்சவங்களுக்கு இது புதுசா இன்னா?"

பாடம் என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. கடைசி நம்பிக்கை சீப்பு. அது என்னைக் காப்பாற்றும். எட்டு நாளும் துள்ளின காகிதம் இன்றைக்கு மட்டும் துள்ளாமல் போகுமா?

வடிவைக் கூப்பிட்டு அவள் தலையில் சீப்பைத் தேய்த்தேன். காகிதத்துக்கு மேலே பிடித்தேன். காகிதம் அசையவில்லை. இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் அதன்மேல் விழுந்தது. இன்னொரு தலை. இன்னொரு சொட்டு. நாற்பத்தெட்டுத் தலையும் என் உத்தரவுப்படி எண்ணெயில் மின்னின. எண்ணெய் வழிகிற தலையில் மின் விசைக்கு இடம் ஏது? என் தலையில் தேய்க்கலாம் என்றால் அங்கேயும் எண்ணெய். இன்ஸ்பெக்டர் தலையை ஒரு தடவை பார்த்தேன். மரியாதை கருதிக் கண்ணை எடுத்துக்கொண்டேன்.

"எண்ணெய் வைக்காத தலை ஒன்றுகூட இல்லையா?" என்றார் அவர்.

"வாத்தியாரம்மா தலை!" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள்.

பிலோமினாள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் சீப்பை அவளிடமே கொடுத்தேன். காய்ந்து மெத்தென்று கிடந்த கூந்தலில் நாலு தேய் தேய்த்தாள். காகிதத்துக்கு மேலே பிடித்தாள். துணுக்குகள் துள்ளின. ஒன்று இன்ஸ்பெக்டர் மூக்குவரைக்கும் துள்ளியது என்று பிள்ளைகள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது பொய். மீசைவரைக்கும்தான்.

"அம்மா, நீ எதுவரைக்கும் படித்திருக்கிறாய்?"

"ஹையர் கிரேடு பயிற்சி முடிச்சிருக்கேங்க."

இன்ஸ்பெக்டர் தம் தோல் பையைத் திறந்தார். மூன்று பக்கக் கடிதம் ஒன்றை வெளியே எடுத்தார். கையெழுத்தைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டேன்.

"மானேஜர் சாமியார் இதை எனக்கு அனுப்பியிருந்தார். 'மலை முழுவதும் தேடினேன். கரடி உண்டு. தகுதியுள்ளவர் எவருமில்லை.' இதை எழுதியது நீர்தானே?"

"ஆமாங்க."

"மலை முழுவதும் தேடினீரே, வீட்டுக்குள் தேடவில்லையா?"

பிலோமினாள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அவர மன்னிச்சுடுங்க. மூக்குக்கண்ணாடிய மூக்குலயே போட்டுக்கினு வூடெல்லாம் தேடறவரு" என்றாள்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த சடையன், எதற்கு என்று தெரியாமலே, எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். என் முகத்தில் எந்தத் தசை எப்படி வேலை செய்தது என்று இன்றுவரை விளங்கவில்லை.

சாப்பாடு வீட்டில் நடந்தது. இன்ஸ்பெக்டர் கொள்ளுத் துவையலை மூன்று தடவை கேட்டு வாங்கினார். சாமைச் சோற்றை நாலு தடவை. மாலையில் டோலியைத் தூக்கின சடையன் இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றான்.

"இன்னா சடையா?" என்றேன்.

"காலையில தூக்கியாந்த ஐயா வேற, வாத்தியாரே. இவரு வேற ஐயா."

டோலி வளைவில் மறைந்தது. நான் வீட்டுக்குள் வந்து, அடுப்பு மெழுகிக்கொண்டிருந்த பிலோமினாள் முன்னால் நின்றேன்.

"உண்மையச் சொல்லு. அம்மிய எடுத்துக்கினு போகச் சொன்னது எதுக்கு?"

"நீங்கதானே பாரமா ஒண்ணு கேட்டீங்க?"

"கடுதாசியில துவையல்னு இருந்தது ஒனக்கு முன்னாடியே தெரியும். எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கடுதாசி உங்க பேருக்குத்தானே வந்துது? அடுத்தவங்க கடுதாசியில இருக்கறத அவங்களுக்கே எடுத்துச் சொல்லலாமா?"

"தலை முழுகினது?"

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்க."

எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ஒன்றில்கூடப் பிடி கிடைக்கவில்லை. விளக்கெண்ணெய்ப் பலகை தேவலாம்.

பிலோமினாள் மறுபடி அடுப்பை மெழுக ஆரம்பித்தாள். பிறகு, மெழுகுகிற கையைப் பார்த்துக்கொண்டே, வேறு குரலில் சொன்னாள். "ஒம்போது வருஷமாச்சுங்க. பெட்டியத் தொறக்கறப்பெல்லாம் அந்த சர்ட்டிபிகேட்டு மேலாப்புல இருக்கும். எடுத்து அடியில வெப்பேன். மறுபடியும் எப்படியோ மேல வந்துடும்."

நெஞ்சுக்குள் என்னவோ அழுத்தியது. புத்தகத்தில் இருந்த ஆறு வகையில் அது எதுவும் இல்லை.

"நான் ஒரு முட்டாள், பிலோமி."

"அத எழுதிக் குடுத்தாச் சாமியாருக்கு அனுப்பலாம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். இந்தத் தடவை தசையெல்லாம் சரியாக வேலை செய்தது.

மேற்கொண்டு நடந்ததை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது உத்தரவும் வந்துவிட்டது. தலைமை ஆசிரியை: பிலோமினாள். உதவி ஆசிரியர்: அடைக்கலம். பெரிய நாற்காலி அவளுக்குப் போயிற்று. எனக்கு முக்காலி. விஞ்ஞானமும் கணக்கும் அவள் எடுத்துக்கொண்டாள். நான் பாட்டும் தோட்ட வேலையும். பிள்ளைகள் எண்ணிக்கை நாற்பத்தெட்டிலிருந்து அறுபதானது. பலா பழுத்த வாரத்தில்கூட ஐம்பது பேர் வந்தார்கள். வராதவர்கள் வீட்டுக்கு அவளே போனாள். சுளையும் சாப்பிட்டாள், பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. வெளியே சாரல். கம்பளிக்குள் சுகமாக இருந்தது. பள்ளிக்கூடம் போக மனசு வரவில்லை. முனகிக்கொண்டே, "பிலோமி, வயிறு வலிக்குது. இன்னிக்கு நான் வரல" என்றேன்.

"வூட்டுல சொன்னா எனக்கு எப்படித் தெரியும்? முறைப்படி எழுதி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

கம்பளிக்குள் இருந்தபடியே எழுதினேன். 'தலைமை ஆசிரியை அவர்கள் சமுகத்துக்கு, எனக்குக் கடுமையான வயிற்றுவழி இருப்பதால் இன்று ஒருநாள் லீவு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளுகிறேன்.' அந்தப் பக்கம் போன சடையனிடம் கொடுத்தனுப்பிவிட்டு, மறுபடியும் இழுத்துப் போர்த்துக்கொண்டேன்.

கால் மணி நேரத்தில் சடையன் காகிதத்தைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தான். 'வழி' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். அதற்குக் கீழே முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தது:

"வலிக்கு 'லி'. நூறு தடவை எழுதி, நேரில் கொண்டுவந்து காட்டவும்."